இருபது நிமிடத்தில் வந்த நீலப் பொட்டு

போன மாதம் நாலு நாள் விடாத இருமல். சிரம்பான் பக்கம் பாரோயில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே மருத்துவ உதவியாளராக இருக்கும் பெண் என் மூக்கில் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார். அதை ஒரு குப்பியில் முக்கி, விரல் நீளமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையில் மூன்று சொட்டு விட்டார்.

"பதினஞ்சு நிமிஷம் வெய்ட் பண்ணுங்க அங்கிள். கோவிட்டா, ஃபுளுவா, ஆர்.எஸ்.வி.யா, எல்லாம் இதுலயே தெரிஞ்சிடும்."

நான் எட்டிப் பார்த்து, "கண்ட்ரோல் கோடு வந்துடுச்சாம்மா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்கிள் லேப்ல வேலை செஞ்சீங்களா?"

"இல்லம்மா. தோட்டத்துல டிரஸர்."

"தோட்டத்துலயா? உங்க காலத்துல இதெல்லாம் ஏது? அப்ப என்ன நோய்னு எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். எனக்குப் பின்னால் ஏழு பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்திருந்தது சாதாரணச் சளிதான். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் சீசா கழுவினேன், இரண்டாம் வருடம் கட்டுப் போட்டேன், மூன்றாம் வருடம் ஊசி போட்டேன். பரீட்சையில் தேறியதும் லாபுவுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்துக்கு என்னைத் தனியாக அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அதே தோட்டம்தான். காகிதத்தில் என் பதவிப் பெயர் மருத்துவ உதவியாளர் என்றிருக்கும். ஜனங்களுக்கு நான் டிரஸரய்யா.

தகரக் கூரை போட்ட கிளினிக், ஆறு கட்டில், இரண்டு பெஞ்சு. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், வேலைக்குப் போக முடியாதவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருமலோடு வருபவர்களை நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பேன். கரகரவென்றிருந்தால் ஊசி, இல்லாவிட்டால் பழுப்பு நிற இருமல் மருந்து. நோட்டில் 'நெஞ்சுச் சளி' என்று எழுதுவேன். இன்ஃபுளுவென்சாவும் நெஞ்சுச் சளிதான், நிமோனியாவும் நெஞ்சுச் சளிதான். என்ன கிருமி என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல யார் இருந்தார்கள்?

ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் தோட்டம் முழுக்கக் காய்ச்சலும் இருமலும். அப்போது வாராவாரம் வந்துகொண்டிருந்த வயதான டாக்டர், நாலு பேர் தொண்டையிலிருந்து சளி எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பச் சொன்னார். ஐஸ் கச்சாங் கடையில் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்கில் அடைத்து, அதற்குள் குப்பிகளை வைத்து, நானே எடுத்துக்கொண்டு போனேன். சிரம்பான் வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. பஸ் நிலையத்தில் தண்ணீர்க் கடைக்காரரிடம் கெஞ்சி மறுபடி நிரப்பிக்கொண்டேன். கோலாலம்பூரில் வாங்கிக்கொண்டவர், கிருமியை உயிரணுக்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும், நாளாகும் என்றார். ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாலில் ஒன்று மட்டும் இன்ஃபுளுவென்சா. அது ஒரு மண்டோருடையது, அதாவது கங்காணியுடையது. அவரைத் தேடிப் போனபோது கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டிக்கொண்டு ஏணி உச்சியில் நின்றார்.

"மண்டோரே, உங்களுக்கு வந்தது இன்ஃபுளுவென்சாவாம்!"

"எப்ப?"

"அதான், தீபாவளிக்கு முன்னால படுத்திருந்தீங்களே."

"ஓ, அதுவா? சரி லா, அந்தக் கயித்தை எடுத்துக் குடுங்க."

அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வயதான டாக்டர் விலகிக்கொண்டார். புதன்கிழமை தோறும் வர டாக்டர் லிம் என்ற சீனப் பெண்மணி நியமிக்கப்பட்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் நாள் காரிலிருந்து இறங்கி, "வணக்கம் அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். நான் திகைத்துப்போய் நின்றேன். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் நம் தோட்டத் தமிழ் அவருக்கு அப்படியே வந்தது. கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

அவரோடு வேலை செய்தது நாலு வருடம்தான். ஆனால் என் கை இன்னும் அவர் பழக்கிய மாதிரிதான் வேலை செய்கிறது. குழந்தையைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். குழாயின் வட்டத்தைத் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் குழந்தையின் நெஞ்சில் வைப்பார். வலிக்கும்படி எதையாவது செய்யப்போனால், "சாரி கண்ணு, ஒரே நிமிஷம்" என்று குழந்தையிடம் அனுமதி கேட்பார். தாய்மார் பேசும்போது நடுவில் பேசவே மாட்டார். நான் இன்ன நோய் என்று சொன்னால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "சரி அண்ணே, வேற என்னவா இருக்கலாம்?" என்பார். ஆரம்பத்தில் அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. இருபது வருடம் அனுபவம் உள்ளவனைச் சோதிக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை அவர் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவருடைய தோழி கொடுத்தனுப்பிய பரிசோதனைப் பெட்டி அது. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் பெரியவர்களுக்கு வெறும் சளியாக வந்து போய்விடும், கைக்குழந்தைகளுக்கு மூச்சுக் குழாயின் கடைசிக் கிளைகளை அடைத்துவிடும் என்று விளக்கினார். அது இருக்கிறதா இல்லையா என்பதைக் குழந்தையின் பக்கத்திலேயே வைத்து இருபது நிமிடத்தில் சொல்லிவிடுமாம். ஒன்றரை மாதம் காத்திருந்தவனுக்கு எப்படி இருக்கும்? நான் நம்பவில்லை.

அவரும் முழுதாக நம்பிவிடவில்லை. அதனால் ஒவ்வொரு குழந்தையின் சளியையும் இரண்டு பங்காக்குவோம். ஒரு பங்கு ஐஸில் வைத்துக் கோலாலம்பூருக்குப் போகும், பழைய முறையில் வளர்த்துப் பார்க்க. மறு பங்கு இங்கே.

செய்முறை இன்றைக்கு மாதிரி மூன்று சொட்டோடு முடியாது. பெட்டியைத் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியில்தான் வைத்திருப்போம். அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும், சில்லென்று இருந்தால் நிறம் வராது. குழந்தையைத் தாயின் மடியில் சாய்த்துத் தலையை நான் பிடித்துக்கொள்வேன். டாக்டர் மூக்கில் உப்புத் தண்ணீர் சில சொட்டு விட்டு, மெல்லிய குழாயை நுழைத்து, ஊசிக்குழலால் இழுத்து எடுப்பார். சளியை ஒரு திரவத்தில் கலக்கிக் கரைத்து வடிகட்ட வேண்டும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டின் நடுவில் ஒரு குழி, குழிக்குள் வெள்ளைப் படலம். வடிகட்டியதை அதில் ஊற்றி, முழுக்க உறிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் வேறு வேறு நிற மூடி போட்ட குப்பிகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொட்டு விட வேண்டும். நடுவில் ஒரு முறை கழுவ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு. டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிவிடுவதால் நேரம் பார்ப்பது என் வேலை.

படலத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவு நீலப் புள்ளி ஒன்று வந்தே ஆக வேண்டும். அது வராவிட்டால் மருந்து கெட்டுவிட்டது என்று அர்த்தம், தட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஓரத்துப் புள்ளி மட்டும் வந்தால் அந்த வைரஸ் இல்லை. நடுவிலும் நீலமாக ஒரு பொட்டு வந்தால் இருக்கிறது. வெயில் விழும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, பிறகு ஒப்பிடுவோம்.

அந்த வருட மழைக்காலத்தில்தான் நான் எழுத வந்த சம்பவம் நடந்தது.

தாய்மார் வெளிக்காட்டு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை ஒன்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். எங்கள் தோட்டத்தில் அதைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலை. ஐம்பது வயதிருக்கும், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் மாரிமுத்து புல்லு மருந்து அடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். களைக்கொல்லியைத்தான் தோட்டத்தில் புல்லு மருந்து என்போம்.

ஒரு திங்கட்கிழமை கொட்டகையில் மூன்று குழந்தைகளுக்கு மூச்சு வாங்கியது. செவ்வாய்க்கிழமை ஐந்தாகிவிட்டது. பார்வதி என்ற பால்வெட்டுக்காரப் பெண்ணின் நாலு மாதக் குழந்தை குமுதாவுக்குத்தான் அதிகம். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கிளினிக் வாசலில் கூடி நின்ற தாய்மார்களுக்குள் பார்வதிதான் முதலில் சொன்னாள்.

"ஐயா, என் கண்ணால பார்த்தேன். தொட்டிலுக்குப் பக்கத்துல மருந்தடிக்கிற சட்டை காஞ்சிக்கிட்டு இருந்துச்சு. புல்லு மருந்து நெடி பிள்ளைங்க நெஞ்சுல ஏறிடுச்சு."

புல்லு மருந்து குடித்துச் செத்தவர்கள் இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து போகும் சாவு. அந்தப் பயம் எனக்குள் இருந்தது. பார்வதி சொன்னதும் எல்லாம் பொருந்திவிட்ட மாதிரி தோன்றியது. அன்று சாயங்காலமே மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். ஆயாவின் கவனக்குறைவால் குழந்தைகள் களைக்கொல்லி நெடியைச் சுவாசித்திருக்கலாம், விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று. இரவுக்குள் அஞ்சலையக்காவை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் அவர் வீட்டு வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் புதன். காலையில் குமுதாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உதடு நீலம் பூத்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. நான் திறக்கவில்லை. புல்லு மருந்தால் கெட்ட நுரையீரலுக்கு ஆக்சிஜன் கொடுத்தால் இன்னும் கெடும் என்று படித்திருந்தேன். படித்தது பொய்யில்லை. ஆனால் அந்தக் குழந்தை புல்லு மருந்தைச் சுவாசித்தது என்று எனக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் தயார் பண்ணச் சொல்லி ஆளனுப்பிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். டாக்டர் லிம் வந்துவிட்டார்.

குழந்தையைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். "ஏன் மூடியிருக்கு?"

சொன்னேன்.

அவர் குழந்தையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். புல்லு மருந்து பட்டால் வரும் புண் இல்லை. தலையை முகர்ந்தார், சட்டையை முகர்ந்தார். பேசாமல் போய்ச் சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, குழாயைக் குழந்தையின் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். உதட்டின் நீலம் மெல்ல மெல்ல மாறியது. அதற்குப் பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

"உதடு நீலமா இருந்தா ஆக்சிஜன் குடுங்க அண்ணே. ஏன்னு அப்புறம் தேடிக்கலாம்."

கோபத்தில் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால்கூடத் தேவலை. அவர் தமிழில், மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"வேற என்னவா இருக்கலாம்?" என்று அவர் கேட்கவில்லை. நானே குளிர்ப்பெட்டியைத் திறந்து பரிசோதனைத் தட்டுகளை வெளியே எடுத்து வைத்தேன். அவை சூடாவதற்குள் குமுதாவின் சளியை எடுத்தோம். வேன் வாசலில் வந்து நின்றது. உடனே அனுப்பலாமா, முடிவு வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டேன். "போகட்டும். நீங்க கூடப் போக வேணாம், நான் போறேன். நீங்க இங்க இவளுக்கும் மத்த நாலு பேருக்கும் செஞ்சு பாருங்க. எப்படின்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். குழந்தையையும் பார்வதியையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

குமுதாவின் சளியை முதல் தட்டில் ஊற்றி, நானே தனியாகச் சொட்டு விட்டேன். வாசலில் மற்ற தாய்மார் நின்றுகொண்டிருந்தார்கள்.  கடிகார முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு குப்பியாக மாற்றினேன். கடைசிச் சொட்டு இறங்கியதும் ஓரத்துப் புள்ளி முதலில் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. பிறகு மழைத்தண்ணீரில் சட்டைச் சாயம் இறங்குகிற மாதிரி லேசாக ஒரு நிறம். பார்த்துக்கொண்டே இருக்க அது அழுத்தமான நீலப் பொட்டாக வந்து நின்றது.

மற்ற நாலு குழந்தைகளில் மூன்று பேருக்கு அதே நீலம். ஒரு குழந்தைக்கு மட்டும் வரவில்லை.

நெடி இல்லை. மருந்து இல்லை. தொற்று.

 கடைசித் தட்டைக் கீழே வைக்கும்போது தும்மினேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தபோதுதான் உறைத்தது. போன புதன் இரவிலிருந்தே எனக்குச் சளி. வியாழக்கிழமை ஆயாக்கொட்டகைக்குப் போய், மாதம் ஒருமுறை செய்வது போல் எல்லாக் குழந்தைகளையும் தூக்கித் தூக்கி எடை பார்த்தேன். நடுவில் தும்மினேன், மூக்கைத் துடைத்தேன், அதே கையால் அடுத்த குழந்தையைத் தூக்கினேன். குமுதா என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன்.

மத்தியானம் டாக்டர் திரும்பி வந்தார். குமுதா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கூடாரத்துக்குள் தூங்குகிறாள் என்றார். நான் தட்டுகளை வரிசையாகக் காட்டினேன். பிறகு சொன்னேன்.

"டாக்டர், எனக்கும் எடுத்துப் பாருங்க."

"எதுக்கு அண்ணே? உங்களுக்கு வெறும் சளி. வந்தா என்ன பண்ணப் போறீங்க, வராட்டி என்ன பண்ணப் போறீங்க? பெட்டியில கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு."

வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார். "சாரி அண்ணே, ஒரே நிமிஷம்" என்று, குழந்தைகளிடம் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டு, குழாயை என் மூக்கில் நுழைத்தார்.

மிக லேசான நீலம். ஜன்னலோரம் கொண்டுபோனால் தெரிந்தது, உள்ளே கொண்டுவந்தால் தெரியவில்லை. அவரும் 'லேசாக உண்டு' என்றுதான் எழுதியிருந்தார்.

"யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு இது சொல்லாது அண்ணே. நீங்க அவங்ககிட்ட இருந்துகூட வாங்கியிருக்கலாம். இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்."

"தெரியுது டாக்டர்."

மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. கேட்டுவிட்டு, அஞ்சலையை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்வதாகச் சொன்னார். நான் எழுந்தபோது, "உங்க சளி கதையை வெளியில சொல்லாதீங்க டிரஸர். அப்புறம் ஆளுங்க உங்ககிட்ட மருந்துக்கு வரமாட்டாங்க. வைரஸ்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கிளினிக்குக்குத் திரும்பும் வழி நெடுக அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆனால் மூன்று மணிக்கு, வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில், என் கால்கள் அஞ்சலையக்கா வீட்டுக்குத்தான் போயின. அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வைரஸ், எடை பார்த்தது, தும்மியது, என் தட்டில் வந்த நீலம், மேனேஜருக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும். சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சுக்குங்க அக்கா" என்றேன்.

அவர் கீரையைக் கீழே வைத்தார்.

"சளி புடிச்சதுக்கு நீங்க என்னய்யா செய்வீங்க? அது எல்லாருக்கும்தான் புடிக்குது. ஆனா எழுதறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது எங்க வீட்டுக்காரரு மருந்தடிக்கிற சட்டை இல்ல. ரெண்டு மாசமா அவரு மருந்தடிக்கவே போகல, தண்ணி போற கான் வெட்டுற வேலைக்கு மாத்திட்டாங்க. அது பெரட்டுல குடுத்த புதுச் சட்டை. மழையில நனைஞ்சுதுன்னு காயப் போட்டேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இருபது நிமிடத்தில் பதில் தரும் கருவியை நான் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கேட்க எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும். இதை நினைக்காமல் ஒரு வருடம்கூடக் கழிந்ததில்லை.

மறுநாள் காலை கிளினிக் கதவைத் திறக்கப் பயமாக இருந்தது. பெஞ்சு காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் பார்வதியின் மாமியார். "நேத்து நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். அது கெடக்கட்டும் லா. மொதல்ல என் காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு" என்று காலை நீட்டினார். அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வலிக்கிறது என் காலுதானே, நீங்க ஏன்யா அழுவுறீங்க?" என்று அவர் கேட்டார்.

சளி உள்ள குழந்தைகளைத் தனியாக வைக்கச் சொல்லி டாக்டர் ஏற்பாடு செய்தார். கொட்டகை வாசலில் கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் வைத்தோம். அதற்குப் பிறகு யாருக்கும் புதிதாக வரவில்லை. எட்டாம் நாள் குமுதா வீட்டுக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் பார்வதி வேலைக்குக் கிளம்பியபோது நான் கொட்டகையில் இருந்தேன். அவள் நேராக வந்து, தலையைக் குனிந்தபடி, குழந்தையை அஞ்சலையக்கா கையில் கொடுத்தாள்.  அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பால் குடிச்சாளா?" என்று மட்டும் கேட்டார். "குடிச்சா ஆயா" என்று சொல்லிவிட்டுப் பார்வதி அழுதுகொண்டே ஓடினாள்.

டாக்டர் லிம் பிறகு மேற்படிப்புக்காக வெளிநாடு போய்விட்டார். எனக்கு என் பெண்ணின் கல்யாணம்வரை வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். எழுதவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த புதன் முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் சளியை நானே எடுக்க வேண்டும் என்றார். ஆட்கள் என்னை நம்பியதும், அக்கா என்னை மறுபடி கொட்டகைக்குள் விட்டதும், அந்தப் பெண்மணி என் கையில் அந்தக் குழாயைக் கொடுத்ததும் நான் சம்பாதித்தவை அல்ல. எனக்குக் கொடுக்கப்பட்டவை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பல வாரங்கள் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து முடிவுகள் வந்தன. ஐஸில் அனுப்பிய எங்கள் எல்லாருடைய மறு பங்குகளையும் வளர்த்துப் பார்த்த முடிவுகள். டாக்டர் எனக்கு அதைப் படித்துக் காட்டினார். நீலம் வந்த குழந்தைகள் நாலு பேருக்கும் வைரஸ் வளர்ந்திருந்தது. நீலம் வராத ஐந்தாவது குழந்தைக்கும் வளர்ந்திருந்தது, தட்டு அதைத் தவறவிட்டுவிட்டது. என்னுடையதில் மட்டும் எதுவும் வளரவில்லை.

"அப்ப எனக்கு இல்லையா டாக்டர்?"

"இல்லாமலும் இருக்கலாம். அந்த லேசான நீலம் பொய்யா இருக்கலாம். இல்லாட்டி நாளாயிட்டதால வளராம போயிருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழி இல்ல அண்ணே."

நான் நேராக ஆயாக்கொட்டகைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. ஒருவேளை ஒரு பாரம் இறங்கியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்திருக்கும். அஞ்சலையக்கா வாசலில் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கோலாலம்பூர் முடிவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என்கிட்ட கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கலாம்னு வந்தீங்களாய்யா?"

உள்ளேயிருந்த ஒத்தாசைக்காரப் பெண் கலகலவென்று சிரித்தாள். அக்காவும் சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அப்புறம் நானும் சிரித்தேன்.

"இல்லக்கா. அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அப்படின்னா சரி. மொதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. இன்னிக்கு எடை பாக்குற நாளுல்ல."

நான் குனிந்து சவுக்காரத்தை எடுத்தேன்.